தூக்குவாளி மூடி

பாம்பன்,
ஆடி 14

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கச்சான் காற்று ஓயவில்லை. தென்கடலில் தொழில் இல்லை, வடகடலில்தான் வள்ளங்கள் போகின்றன. வீட்டில் சோற்றுப்பானை வரை மணல். மூட்டுவலி அப்படியே இருக்கிறது.

ஒரு வெடிமருந்து சுத்தியல் பட்டதும் வெடிக்கிறது, இன்னொன்று எத்தனை அடித்தாலும் சும்மா கிடக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். 'அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு பலவீனமாக இருந்தால் வெடிக்கும்' என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். அது பாதி விடை.

போன வாரம் மச்சானோடு வடகடலுக்குப் போனேன். இன்ஜின் மெதுவாக ஓடியபோது வள்ளமே ஆடியது. பலகைமேல் இருந்த டீத் தூக்குவாளியின் மூடி அசையவில்லை. வேகம் கூட்டியதும் பலகை இரைந்தது, உடனே மூடி கடகடத்தது. பலகைதான் சூட்சுமம்.

அடி விழுந்ததும் வெடிமருந்துப் படிகத்தில் முதலில் ஆடுவது முழு மூலக்கூறுகள், ஒன்றையொன்று நெட்டிக்கொண்டு. அந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 6 லட்சம் கோடி முறைக்குள் அடங்கும். மூலக்கூறுக்குள் நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு நீண்டு சுருங்குவதோ 40 லட்சம் கோடியை ஒட்டியும் அதற்கு மேலும். அந்த மெதுவான ஆட்டம் இந்த வேகமான பிணைப்பை நேராக ஆட்ட முடியாது, வள்ளம் மூடியை ஆட்டாதது போல. நடுவே, அந்தப் பலகை போல, மூலக்கூறு வளையும், முறுக்கும் அதிர்வுகள் இருக்கின்றன. 'வாசல் அதிர்வுகள்' என்கிறார்கள். படிகத்தின் ஆட்டங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து அந்த வாசலில் ஏறி, அங்கிருந்து மேலே பிணைப்புகளுக்குப் போகின்றன. டேனா டிலாட், மைக்கேல் ஃபேயர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1990-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்தில் முதலில் அறுவது பெரும்பாலும் நைட்ரஜன்–நைட்ரஜன் பிணைப்பு. படிகத்தில் குமிழியோ விரிசலோ இருந்தால் சூடு அங்கே குவியும். வினை அங்கேதான் பற்றும்.

டி.ஏ.டி.பி. என்று ஒரு வெடிமருந்து உண்டு. டி.என்.டி.க்கு வலுவில் இளைத்ததில்லை, ஆனால் சுத்தியலுக்கு மசியாது. தட்டையான மூலக்கூறுகள் பனையோலை போல அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அடித்தால் அடுக்கு வழுக்கி இடம்கொடுத்துவிடுகிறது.

நமக்குத் தூண்டில் கட்டிக்கொடுப்பாரே ஒரு பெரியவர், மீன்பிடிக்கும் தோட்டாவில் மூன்று விரலை இழந்தவர், நினைவிருக்கிறதா? "ஒன்றும் செய்யவில்லை, சும்மா தட்டினேன்" என்பார். நாம் நம்பியதே இல்லை. இப்போது நம்புகிறேன்.

ஆவணிக்குக் கண்டிப்பாக வா. நெத்திலிக் கருவாடு எடுத்துவைத்திருக்கிறேன், மணல் இல்லாமல்.

உன்,
காதர்