கயல் எந்த ஊரில் சீனம் படிக்கலாம்?

கோயம்புத்தூர்,
ஐப்பசி 12.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டு வலி தணிந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்பதும், பேத்திக்குப் பல் முளைத்திருப்பதும் மனத்துக்கு இதமான செய்திகள். இங்கே பட்டறையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். மோட்டார் உதிரிபாகங்களின் விலைப்பட்டியலைப் பார்க்காமல் பொழுது விடிவதே எனக்குப் புதுமையாக இருக்கிறது. அதனால், உன் மகள் கயலைப் பற்றி நீ கேட்டதற்கு ஆற அமர யோசித்து எழுத முடிகிறது.

பட்டப்படிப்பை முடித்ததும் ஓராண்டு சீனாவில் தங்கி மொழி படிக்க விரும்புகிறாள், பெய்ஜிங்கா ஷாங்காயா என்பதைச் சொல் என்று எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டாம் என்பதே என் எண்ணம். முதல் அரையாண்டுக்கு ஹார்பின், அடுத்த அரையாண்டுக்கு ஷியாமென். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நாட்டின் வடகிழக்குக் கோடியும் தென்கிழக்குக் கடலோரமுமாக இரண்டு ஊர்களும் கிடப்பதைக் கண்டு நீ திகைப்பாய். தங்கை மீனாட்சி என்ன சொல்வாள் என்பதையும் என்னால் ஊகிக்க முடிகிறது. ஆகவே காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

வகுப்பைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு கிடையாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரப் பாடம், அதுவும் காலை வேளைகளில்; பாடநூல்களும் ஏறக்குறைய ஒன்றே. நண்பகலுக்குப் பிறகு அவள் காதில் எந்தப் பேச்சு விழுகிறது, வாயைத் திறந்து பேசியே ஆகவேண்டிய கட்டாயம் எத்தனை முறை வருகிறது என்பவைதான் ஓராண்டின் பலனைத் தீர்மானிக்கின்றன. பள்ளிகளிலும் வானொலியிலும் வழங்கும் பொதுச் சீனத்துக்குப் பெய்ஜிங்கின் உச்சரிப்பே அடிப்படை என்று 1956இல் அரசு அறிவித்தது; ஆனால் தெருவில் அந்த மொழி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவில் காய்கறிக்காரரும் டாக்சிக்காரரும் தங்களுக்குள் சிச்சுவான் வழக்கில்தான் பேசுவார்கள். காலையில் வகுப்பில் பிரித்துக் கற்றுக்கொண்ட ஒலிகள் மாலையில் கடைத்தெருவில் ஒன்றாகக் குழைந்துபோகும். குவாங்சோவின் பழைய பகுதிகளில் கான்டோனீஸ் கேட்கும், ஷாங்காயின் முதியவர்களிடம் வூ மொழி கேட்கும். ஏற்கெனவே அடித்தளம் போட்டுக்கொண்டவருக்கு இவை சுவையான கூடுதல். முதல் எழுத்தை எழுதத் தொடங்குபவளுக்கோ வெறும் குழப்பம்.

ஹார்பின் இந்த வகையில் விசித்திரமான நன்மை உடைய ஊர். 1898இல் ரஷ்யர்கள் ரயில் பாதை போட வந்த பிறகுதான் அது நகரமாக எழுந்தது. ஷான்தோங், ஹெபெய் ஆகிய வட மாகாணங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் கலந்து பேசியதில் உருவான பேச்சு என்பதால், ஆழ வேரோடிய தனி வட்டார மொழி அங்கே வளரவில்லை. வடகிழக்குக்கே உரிய சில சொற்களும் ஒரு துள்ளலும் உண்டு. ஆயினும் பேருந்து ஓட்டுநர் முதல் விடுதிக் காவலர் வரை பேசுவது வகுப்பில் கேட்ட ஒலிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். கம்பெனி என்னை அங்கே மொழி படிக்க அனுப்பியபோது தண்டனையாகத்தான் நினைத்தேன். பின்னர் தெற்கே வேலைக்குப் போய், அங்கே மொழி படித்து வந்த சகாக்களோடு சேர்ந்து பேரம் பேசியபோதுதான் அந்த ஊர் எனக்கு என்ன கொடுத்திருந்தது என்பது விளங்கியது.

இன்னொரு நன்மை, உடன் படிப்பவர்கள். ஹார்பினில் ரஷ்யர்களும் கொரியர்களும் அதிகம். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆகையால் சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்குக்கூடச் சீனத்தையே நாட வேண்டியிருக்கும். பெய்ஜிங்கில் நிலைமை நேர்மாறு. 1962இல் தொடங்கிய பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவர்க்குச் சீனம் கற்பிப்பதில் நாட்டிலேயே முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆசிரியர்களின் அனுபவத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அது இருக்கும் வூதாவ்கோ பகுதியில் உலகின் எல்லா நாட்டு மாணவர்களும் குவிந்திருப்பதால், காப்பிக் கடையில் காதில் விழுவது ஆங்கிலம்தான். தன் கட்டுப்பாட்டை விடாத மாணவிக்கு அந்த ஊரே சிறந்தது என்று நான் ஒப்புக்கொள்வேன். கயல் கலகலப்பானவள், கூட்டம் சேர்ப்பவள். அது நல்ல குணம்தான், அந்த இடத்துக்கு மட்டும் பொருந்தாத குணம். அறை வாடகையும் ஹார்பினைக் காட்டிலும் மிக அதிகம்.

பெய்ஜிங்கின் பக்கம் ஒரு வாதம் எனக்கே தோன்றுகிறது. நாம் சிற்றலையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட சீனத் தமிழ் ஒலிபரப்பு 1963 முதல் அங்கிருந்துதான் வந்தது. அந்த நகரத்தில் சீன மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வழக்கமும் நெடுநாளாக இருந்து வருகிறது. ஒரு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் சீனம் என்று பரிமாறிக்கொள்ள அப்படி ஒரு தோழி அமைந்தால் வேறு எந்த ஊரிலும் கிடைக்காத வாய்ப்பு அது. ஹார்பினிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம்தான் என்பதால், விடுமுறையில் போய் அறிமுகம் செய்துகொண்டு வரலாம். மற்றதை அலைபேசியில் தொடரலாம்.

இந்திய மாணவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றுக்கு முன்பு 20,000க்கும் மேற்பட்ட நம் மாணவர்கள் சீனாவில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஆங்கில வழியில் மருத்துவம் படித்தவர்கள். ஏறத்தாழ எந்த மாகாணத் தலைநகருக்குப் போனாலும் நம்மவர் சிலர் இருப்பார்கள், அவர்களில் சாம்பார் வைக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒருவராவது தட்டுப்படுவார். மாதம் ஒரு முறை போய்ச் சாப்பிடட்டும், அதைத் தடுக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தோடு குடியிருக்க மட்டும் வேண்டாம்.

குளிர்தான் மீனாட்சியின் முதல் கேள்வியாக இருக்கும். ஜனவரியில் ஹார்பினின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 பாகை அளவில் நிற்கும். இரவில் அதற்கும் வெகுவாகக் கீழே போகும். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிரைவிட அந்த இருட்டுதான் சிலரைச் சோர வைக்கிறது. ஆனால் வெளியே இருக்கும் குளிரும் அறைக்குள் இருக்கும் குளிரும் வேறு வேறு. ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை நகராட்சி ஏற்பாட்டிலேயே குழாய்களில் வெந்நீர் ஓடி வீடுகளைச் சூடாக்குகிறது. அறைக்குள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து எழுத்துப் பயிற்சி செய்யலாம். ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே இந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. ஷாங்காயில், நான்ஜிங்கில் ஜனவரி மாதம் வகுப்பறைக்குள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், குளிர் நாடு எது என்ற எண்ணமே உனக்கு மாறிவிடும்.

அதற்கும் மேலாக, அவளை அந்தக் கடும் பனிக்காலத்துக்கு அனுப்பவே நான் சொல்லவில்லை. எல்லோரும் செப்டம்பரில் போய்ச் சேர்வார்கள். இவள் மார்ச்சில் சேரட்டும். போன புதிதில் பனி இருக்கும். நாளாக நாளாக இளகிக்கொண்டே வரும். மே மாதம் அந்த ஊரின் லைலக் மரங்கள் பூத்திருக்கும்போது அவள் கடைக்காரரிடம் விலை குறைத்துக் கேட்கும் அளவுக்குத் தேறியிருப்பாள். ஜூலை தொடக்கத்தில் பருவம் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் அவள் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்: ஒன்றும் தெரியாதவர்களுக்கான தொடக்க வகுப்பை மார்ச்சிலும் நடத்துகிறார்களா என்பது. சில இடங்களில் செப்டம்பரில் மட்டுமே தொடங்குவார்கள். அப்படியானால் நேற்றுச் சேர்ந்தவளை அரையாண்டு படித்தவர்களோடு உட்கார வைத்துவிடுவார்கள். ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனம், ஹெய்லோங்ஜியாங் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் எழுதிப் பார்க்கட்டும்.

சாப்பாடு. நீங்கள் சைவம் என்பதால் சிரமம் எங்கு போனாலும் உண்டு, வடகிழக்கில் மட்டுமல்ல. ஆனால் அங்கே தி சான் சியன் என்று ஒரு பண்டம் எல்லாக் கடையிலும் கிடைக்கும்: உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் எண்ணெயில் பொரித்துப் பூண்டோடு வதக்குவது. கறிச்சாறு சேர்க்க வேண்டாம் என்று சொல்ல அவள் முதல் வாரமே கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதி அரிசி சீனாவெங்கும் பேர்போனது. குட்டையாக, சற்றே ஒட்டும். குழம்பு ஊற்றிப் பிசைய ஒத்துவராது, தயிருக்குப் பரவாயில்லை.

நம் பிள்ளைகளின் நாவைப் பற்றி ஒரு செய்தி. நாவை மேலே வளைத்து ஒலிக்கும் சீன ஒலிகளைக் கண்டு ஐரோப்பியர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள். டகரமும் ழகரமும் சொல்லி வளர்ந்தவளுக்கு அவை விரைவில் வந்துவிடும். அவளுக்கு இடறப்போவது வேறிடம். சீனத்தில் இரண்டு பகரங்களைப் பிரிப்பது மூச்சுதான். ஒன்றில் காற்று வெடித்து வெளியே வரும், மற்றதில் வராது. தகரத்துக்கும் ககரத்துக்கும் இதே கதை. ஆசிரியை வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்து அது அசைகிறதா என்று பார்ப்பார். நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்பதால், சுற்றிலும் தெளிவாக உச்சரிக்கும் ஊரில் தொடங்குவது தமிழ்ப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிக அவசியம் என்று நான் கருதுகிறேன்.

இனி ஷியாமென். கயலின் நோக்கம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளராவது என்று எழுதியிருந்தாய். மின்னணுத் தொழிலானாலும் காலணித் தொழிலானாலும், அந்த நிறுவனங்களின் மேலாளர்களில் தைவான்காரர்கள் பலர். அவர்களுடைய சீனத்தில் நாவை வளைக்கும் ஒலிகள் மழுங்கியே வரும். பெய்ஜிங் பேச்சில் சொல்லின் கடைசியில் உருளும் ஒலி அநேகமாக இருக்காது. வடக்கில் மட்டுமே படித்து வந்தவள் வேலையில் சேர்ந்த முதல் நாளில் தடுமாறிப்போவாள். ஷியாமெனின் தாய்மொழியும் தைவானில் பரவலாகப் பேசப்படும் ஹொக்கியனும் ஒரே குடும்பம். தைவானின் ஆட்சியிலுள்ள கின்மென் தீவு அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அந்தக் காற்றில் அரையாண்டு இருந்தால் காது பழகிவிடும். சிங்கப்பூரில் பொருள் ஈட்டிய டான் கா கீ 1921இல் நிறுவிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. வாயிலைத் தாண்டினால் கடல். தட்பவெப்பமும் உங்கள் வீட்டாருக்கு ஒத்துக்கொள்ளும். அங்கிருந்து ரயிலில் சிறிது தொலைவிலுள்ள சுவான்சௌவுக்கு அவள் கட்டாயம் போய்வர வேண்டும். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் அது. கைய்யுவான் புத்தர் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

குன்மிங்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுவதும் இளவேனில் போல இருக்கும் ஊர், செலவும் குறைவு. உடல்நலம் காரணமாக ஹார்பின் கூடாது என்று மருத்துவர் சொன்னால் அங்கே போகலாம். மற்றபடி அதன் இனிமையே அதன் குறை; பேச்சு வழக்கும் வேறு.

ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் மாறுவதில் கொஞ்சம் காகித வேலை உண்டு. 180 நாட்களுக்கு மேல் தங்குபவர்க்கான எக்ஸ் 1 விசாவில் போனால், நுழைந்த 30 நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு ஷியாமெனின் சேர்க்கைக் கடிதத்தையும் ஹார்பினின் விடுவிப்புச் சான்றையும் காட்டி அந்த அனுமதியை மாற்ற வேண்டும். இரண்டு இடங்களுக்கும் போகும் எண்ணத்தை ஹார்பின் அலுவலகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

மார்ச் பருவத்துக்கு விண்ணப்பிக்க நாள் அதிகம் இல்லை. ஆகவே அவளுடைய கடவுச்சீட்டு எதுவரை செல்லும், பட்டச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா என்ற இரண்டையும் இந்த வாரமே எழுது. கடிதங்களைச் சீனத்தில் எழுதித் தர நான் இருக்கிறேன். குளிருக்கான துணிகளைச் சென்னையில் வாங்க வேண்டாம் என்று மீனாட்சியிடம் சொல். அங்கே போய் இறங்கிய பிறகு வாங்கினால் விலையும் குறைவு, தரமும் மேல். இறங்கும் அன்று போட்டுக்கொள்ள என் பழைய கோட்டு ஒன்று பெட்டியில் கிடக்கிறது, கயலுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும்; கூரியரில் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்