விழா மலரில் இடம்பெறாத பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொன்விழா, பவள விழா, நூற்றாண்டு என்று சிறு நகரங்கள் கொண்டாடும்போதெல்லாம் ஒரு மலர் வெளியாகிறது. முன்னாள் தலைவர்களின் படங்கள், குடிநீர்த் தொட்டி திறந்த நாள், பாலம் கட்டிய ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த ஊர் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது என்பதற்கு ஒரு பக்கம்கூட இருக்காது. மேடையிலோ வெளியூர்க் குழு ஒன்று வந்து பாடிவிட்டுப் போய்விடும்.

பழைய பாட்டைக் கேட்டால் வயதானவர்களின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வளரிளம் பருவத்திலும் இருபதுகளிலும் கேட்ட இசைதான் கடைசி வரை கூட வருகிறது என்பதை உளவியலாளர்கள் பலமுறை உறுதிசெய்திருக்கிறார்கள். அது மட்டுமல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஸுப்னிக்குடன் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சுமார் இருபது வயதுக் கல்லூரி மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தாங்கள் பிறக்கும் முன்பே, பெற்றோரின் இளமையில் வந்த பாடல்களோடும் அவர்களுக்குத் தனி நெருக்கம் இருந்தது. 1960-களின் பாடல்களிலும் அப்படியே. வீட்டில் ஓடிய பாட்டு பிள்ளைகளுக்கும் சொந்தமாகிவிடுகிறது. ஆகவே விழா மேடையில் பழைய பாட்டு ஒலித்தால் இளைஞர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் வீண்.

புகழ்பெற்ற பாடல்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை; அவை எங்காவது பத்திரமாக இருக்கும். உள்ளூர் மெல்லிசைக் குழு தானே மெட்டமைத்தது, பள்ளி ஆண்டு விழாவில் பாடியது, ஊர் வாத்தியக் குழு வாசித்தது, இவைதான் ஆபத்தில் இருக்கின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்த பிறகு சாதாரண மனிதர்களும் ஒலிப்பதிவு செய்ய முடிந்தது. அந்த நாடாக்கள் இன்று யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. காந்தப் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓடவிடும் கருவிகளும் அரிதாகிவிட்டன. யுனெஸ்கோ 2019-லேயே இதை எச்சரித்துவிட்டது.

எனவே விழாக் குழுக்கள் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பாகவே பழைய நாடாக்களைத் தருமாறு கேட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கடைசி மாதத்தில் ஆரம்பித்தால் நடக்காது. தொண்ணூறு நிமிட கேசட்டைப் படியெடுக்கத் தொண்ணூறு நிமிடம் ஆகத்தான் செய்யும். பூஞ்சை பிடித்த நாடாவை யாரும் ஆர்வத்தில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவும் கெடும், கருவியும் கெடும். படியெடுப்பதைச் சுருக்கிய எம்பி3 கோப்பாக மட்டும் வைக்காமல், 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் (WAV) கோப்பாகச் சேமித்து, ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாம். பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த நிகழ்ச்சி என்பதையும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். அந்தக் கலைஞர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களை விழாவன்று பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காமல், மேடையேற்றிப் பாடச் சொல்லுங்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் விழா காணவிருக்கும் ஊர்களின் பட்டியலை உங்கள் இதழ் முன்கூட்டியே வெளியிட்டால், நாடா வைத்திருப்பவர்கள் தேடி எடுக்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்