காலில் பாதி அரைக்கால்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் அனுப்பிய இரண்டு படமும் வந்தது. ஒன்று, பேரனின் பள்ளியில் இந்தப் பருவத்துக்குக் கொடுத்த பாடப் பட்டியல். இன்னொன்று, அவன் பத்துக்கு நான்கு வாங்கிய கணக்குத் தாள். கீழே, 'இவனுக்கு எதுதான் மண்டையில் ஏறும் அம்மா?' என்று ஒரு வரி. போனில் பதில் சொன்னால் நீ பாதியிலேயே 'சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 0.3, 0.25 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு 0.25 என்று எழுதியிருக்கிறான். இத்தனை வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன், முதல் தடவை இப்படி எழுதாத பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. நீயும் எழுதியவள்தான், அதுவும் என் வகுப்பிலேயே. நாலு வருஷமாக 3-ஐவிட 25 பெரியது என்று நாமே அடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, முன்னால் ஒரு புள்ளியை வைத்ததும் அது செல்லாது என்றால் பிள்ளை என்ன செய்யும்?

தப்பில் பாதி நம் வாயில் இருக்கிறது. 'பூஜ்யம் புள்ளி இருபத்தைந்து' என்று வாசிக்கிறோம். காதில் விழுவது இருபத்தைந்து. 'பூஜ்யம் புள்ளி இரண்டு ஐந்து' என்று வாசிக்கப் பழக்கு. அப்புறம் கட்டம் போட்ட தாளில் பத்துக்குப் பத்து, நூறு கட்டம் உள்ள ஒரு சதுரம் வரைந்து கொடு. 0.3 என்றால் முழுசாக மூன்று வரிசை, முப்பது கட்டம். 0.25 என்றால் இரண்டு வரிசையும் ஐந்து கட்டமும். அவனே வண்ணம் அடிக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: இது புரிந்த மறுநாளே 'நீளமாக இருந்தால் சின்னது' என்று புதிதாக ஒரு விதி செய்துகொண்டு வருவான். உடனே 0.45-ஐயும் 0.3-ஐயும் நீட்டு.

பின்னக் கூட்டலில் ½ + ⅓ = 2/5 என்று மேலேயும் கீழேயும் கூட்டி வைத்திருக்கிறான். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) எடுக்கச் சொல்லி அதட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேள்: 2/5 பாதியைவிடக் கூடவா, குறைவா? குறைவுதான். அப்படியானால் பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தது எப்படிப் பாதியைவிடக் குறையும்? அவன் முழிப்பான். அந்த முழிப்புக்காகத்தான் நான் இத்தனை வருஷம் வகுப்பில் நின்றேன்.

அடுத்தது பின்னப் பெருக்கல். இதில் என் கதை ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தபோது, 'பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்' என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் என்னிடமே வந்தார்கள். ½ × ¼ = ⅛ என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, 'பெருக்கினா கூடும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?' என்றாள். கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றேன்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது நம் தமிழ்தான். எட்டில் ஒரு பங்குக்குத் தமிழில் என்ன பெயர்? அரைக்கால். அரை, கால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கூட்டல் இல்லை, காலில் பாதி. பெருக்கல் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! ஒரு தாளை நீளவாக்கில் நான்காக மடித்து ஒரு பட்டைக்கு வண்ணம் அடிக்கச் சொன்னேன். பிறகு அதையே குறுக்கே பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். அடித்த வண்ணத்தில் பாதி அதில் ஒரு கட்டம். பெருக்கல் குறியை 'இன்டு' என்று வாசிக்காமல் 'காலில் பாதி' என்று வாசித்ததும் அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

கூட்டலுக்கும் இப்படி ஒரு சொல் உண்டு. மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்த மாகாணி 1/16. பேரனைக் கூட்டிப் பார்க்கச் சொல்: 4/80, அதோடு 1/80, ஆக 5/80. சுருக்கினால் பதினாறில் ஒன்று. புத்தகத்துக் கணக்கைவிட இதை அவன் ஆசையாகப் போடுவான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

அறிவியலில் ஒளிச்சேர்க்கை வந்திருக்கிறது. 'செடி மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது' என்று அவனும் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருப்பான். பச்சையம், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு என்று பரீட்சைக்கு மனப்பாடமாக எழுதிவிட்டு, அந்த எண்ணத்தை அப்படியே வைத்திருக்கிற பெரியவர்களையும் எனக்குத் தெரியும். வான் ஹெல்மான்ட் என்ற பழைய காலத்து விஞ்ஞானியின் கதையைச் சொல். காயவைத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் சுமார் 169 பவுண்டு ஆனது. மண்ணைக் காயவைத்து எடை போட்டால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். 1648-ல் வெளிவந்த அவர் நூலில் இது இருக்கிறது. அப்போ மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நிறுத்து. 'தண்ணீரிலிருந்து' என்றால் சிரிக்காதே, அவரும் அதையேதான் சொன்னார். காற்றை விட்டுவிட்டார். வாயுவுக்கு 'கேஸ்' (gas) என்ற சொல்லையே உண்டாக்கிய மனிதர், மரம் காற்றையும் எடுத்துக்கொண்டதைக் கவனிக்கவில்லை, பார்.

கோள்கள் பாடத்தில் எட்டு என்றுதான் இருக்கும். உனக்கு நான் ஒன்பது சொல்லிக் கொடுத்தேன். 2006-ல் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் நீ ஒன்பது என்று சொல்லி அவனிடம் மாட்டிக்கொள்ளாதே. மாட்டிக்கொண்டாலும் நல்லதுதான்.

கோணமானியில் 60 என்பதை 120 என்று படிப்பான், இரண்டு அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறதே. அளப்பதற்கு முன்னால் அது செங்கோணத்தைவிடச் சின்னதா பெரிதா என்று சொல்லவை, போதும். மொழிப் பாடத்தில் சுருக்கி எழுதுதல் என்று பார்த்தேன். முதல் நான்கு வரியைப் பார்த்து எழுதி வைப்பான். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல். சமூக அறிவியலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அவனுக்கு அது தானாக வருகிறது.

அந்தத் தாளை இன்னொரு தடவை பார். தப்பான ஆறில் நான்குக்குக் காரணம், போன வருஷம் அவன் சரியாகப் படித்தது.

அவனிடம் பாட்டி ஒரு கேள்வி கேட்டாள் என்று சொல்: 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எத்தனை எண் இருக்கிறது? முதலில் 'ஒன்றுமில்லை' என்பான். இரண்டு நாள் கழித்து 'ஒன்பது' என்பான். அப்போதும் நீ வாயைத் திறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனை அவனிடம் கொடு.

அன்புடன்,
அம்மா