பிள்ளைகள் ஆராதனையிலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆராதனை நேரத்தில் குழந்தைகள் போடும் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழுவதில்லை, அவர்களைத் தனி அறையில் வைத்தால் என்ன என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அவர் கேட்கும் அந்தத் தனி அறையை 23 வருடம் நடத்தியவள் நான். ஞாயிறு பள்ளி ஆசிரியை.

எங்கள் சபையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பக்கவாசல் வழியே என் அறைக்கு வந்துவிடுவார்கள். ஆசீர்வாதம் சொல்லும்போதுதான் திரும்புவார்கள். ஃபிளானல் பலகையில் படம் ஒட்டிக் கதை சொல்வேன், மனப்பாட வசனம் கேட்பேன், அப்புறம் வர்ணம் தீட்டுவோம். நோவாவின் பேழையை எத்தனை முறை வரைந்திருப்போமோ, கணக்கே இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மட்டும் எப்போதும் தாளைத் தாண்டிப் போய்விடும். சந்தோஷமான நாட்கள்தான், மறுக்கவில்லை.

உறுத்தல் ஒரு பையனால் வந்தது. 14 வயதில் என் வகுப்பை முடித்துப் பெரியவர்களோடு உட்காரப் போனவன், மூன்றாவது வாரமே வந்து நின்றான். "டீச்சர், நான் திரும்ப உங்க கிளாஸுக்கே வந்துடவா? அங்க எப்ப எழுந்திருக்கணும், எப்ப உட்காரணும்னே தெரியல." யாக்கோபின் 12 மகன்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். எல்லோரும் சேர்ந்து விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது மட்டும் உதடு அசையாது. பிறந்ததிலிருந்து அதே சபைதான், ஆனால் ஆராதனைக்கு அவன் புது ஆள். அப்படி அவனை வளர்த்ததில் பெரிய பங்கு எனக்கு.

ஞாயிறு பள்ளி என்றால் ராபர்ட் ரெய்க்ஸ் பெயரைச் சொல்வோம். 1780-ல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் அவர் தொடங்கியது, வார நாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தர. ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. அந்தப் பள்ளியின் நடைமுறையைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. காலையில் பாடம், மதியம் வந்ததும் இன்னொரு பாடம், அது முடிந்ததும் பிள்ளைகளை ஆலயத்துக்கு அழைத்துப் போக வேண்டும், திரும்பி வந்து வினா விடை. ஆராதனைக்குப் பதிலாக வகுப்பு என்பது அவர் வைத்த ஏற்பாடு இல்லை. நாம் செய்துகொண்ட வசதி.

வேதத்துக்கே வருவோம். எபேசு, கொலோசெ ஊர்ச் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில், அதாவது கடிதங்களில், "பிள்ளைகளே" என்று நேராகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை வருகிறது. நிருபங்கள் சபை கூடியிருக்கும்போது வாசிக்கப்பட்டவை. பிள்ளைகள் அங்கே இல்லாமலா கூப்பிடுவார்கள்? பழைய ஏற்பாட்டில் உபாகமம் 31-ல், தேவன் தந்த கட்டளைகளான நியாயப்பிரமாணத்தை வாசிக்கும்போது பிள்ளைகளையும் கூட்டச் சொல்லியிருக்கிறது. பிரசங்கம் நீண்டால் தூங்கிவிடுகிறார்களே என்றால், அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவனும் இருக்கிறான். அவனைத் தூக்கி எடுத்தார்கள். இனிமேல் வராதே என்று யாரும் சொன்னதாக எழுதியிருக்கவில்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கே அப்பமும் திராட்சரசமுமான திருவிருந்து தருகிறார்கள். எல்லாச் சபையும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்கவாவது விடலாமே.

என் பேத்திக்கு 4 வயது. போன திருவிருந்து ஆராதனையில் என் மடியில் இருந்தாள். எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவர் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் கை கொடுத்தார். எழுந்தவரின் கன்னம் ஈரமாக இருந்தது. இவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது. நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "பாட்டி, அந்தத் தாத்தா ஏன் அழறாரு?" என்றாள். ஆண்டவர்கிட்ட பேசுறார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பெரியவங்களும் அழலாமா?" என்றாள். 23 வருடத்தில் நான் ஒட்டிய ஃபிளானல் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

வாசகரின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. 3 வயதுக் குழந்தை 40 நிமிடப் பிரசங்கத்துக்கு அசையாமல் உட்காராது. பிரசங்கம் 40 நிமிடம் இருக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதைப் போதகர்களிடம் விட்டுவிடுகிறேன். வீறிட்டு அழுகிற குழந்தையை வெளியே தூக்கிப் போவதும் சரிதான். ஆனால் அழுகை நின்றதும் அந்தத் தாய் கூச்சமில்லாமல் உள்ளே வர முடிகிறதா? எனக்குத் தெரிந்த ஒரு பெண், திரும்பிப் பார்த்த இரண்டு மூன்று முகங்களுக்குப் பயந்தே ஒரு வருடம் ஆராதனைக்கு வராமல் இருந்தாள்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்காராதீர்கள். அங்கிருந்து அவர்களுக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும்தான், பிறகு கால் ஆட்டாமல் என்ன செய்வார்கள்? முன்னால் உட்காருங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று காதில் சொல்லுங்கள். சபைக்கும் ஒன்று. வருடத்தில் ஒரு ஞாயிறு வெள்ளை உடுப்பும் காகிதச் சிறகும் மாட்டி மேடையில் நிறுத்திக் கைதட்டிவிட்டு, மற்ற 51 ஞாயிறும் வெளியே அனுப்புவதைப் பங்கேற்பு என்று சொல்ல வேண்டாம். வேதபாடம் வாசிக்க 10 வயதுப் பிள்ளையால் முடியும். காணிக்கைப் பையை அதைவிடச் சின்னவர்களாலும் பிடிக்க முடியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு என் வகுப்பை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாற்றிவிட்டோம். இப்போது பிள்ளைகள் முழு நேரமும் உள்ளேதான். முதல் வாரம், எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு வாண்டின் பென்சில் டப்பா சிமெண்ட் தரையில் விழுந்து, பென்சில்கள் பீடம்வரை உருண்டன. போதகர் கண் திறந்து பார்த்தார். குனிந்து இரண்டைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, ஜெபத்தைத் தொடர்ந்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை