வாகோனா பார்க்: தூணுக்கும் ஒரு சட்டம் போடுங்கள்

மாசசூசெட்ஸ் மாநிலம், பிட்ஸ்ஃபீல்ட் நகரமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஊர் பேஸ்பால் மைதானமான வாகோனா பார்க்கில் 1950-இல் எழுந்த மரத்தாலான பார்வையாளர் கேலரியை 2022-இல் ஆபத்து என்று ஏன் மூட நேர்ந்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பழையதைச் செப்பனிட்டாலும் புதிதாகக் கட்டினாலும், ஆண்டுப் பராமரிப்புத் தொகையை நகரச் சட்டமாகவே எழுதிவையுங்கள்.

மைதானம் மேற்கே பார்த்திருப்பது பிறவிக்குறை. பேட்டர் நின்று பந்தை அடிக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து எதிரே இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது பேஸ்பால் விதிப்புத்தகம். 1919-இல் இடம் நகரத்தின் கைக்கு வந்தபோது பகலாட்டம்தான், யாருக்கும் உறுத்தவில்லை. விளக்கு வந்து ஆட்டம் மாலைக்கு நகர்ந்ததும் வினை பிடித்தது. 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து மணிக்கு 90 மைலில் வரும் பந்து பேட்டரை எட்ட ஏறக்குறைய 0.4 நொடி. பந்தெறியும் பிட்சரின் தோளுக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் பந்தே தெரியாது, தலையைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. அம்பயர் ஆட்டத்தை நிறுத்துவார். சூரியன் மறையும்வரை எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ரசிகர்கள் அதையும் செல்லமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சூரியனை நகர்த்த முடியாது. மரம் அழுகுவதைத் தடுக்க முடியும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் மரம் அழுகாது. அதைத் தாண்டி ஈரம் தங்குவது தூணின் அடியில்தான், மரத்தின் வெட்டுமுகம் ஸ்பாஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும். அடுத்தது போல்ட் துளை: இரும்பு துருப்பிடித்துப் பருத்து, மரத்தை உள்ளிருந்தே பிளக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே குத்தூசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பக்கத்திலேயே ஹூசடானிக் ஆற்றின் மேற்குக் கிளை, தாழ்ந்த நிலம், உறைந்து உருகும் குளிர்காலம் வேறு. தூணடியைக் கான்கிரீட் பீடத்தில் உயர்த்துவது, பனிக்கு முன் கூரைத் தூம்பை அள்ளுவது, வசந்தத்தில் ஒவ்வொரு தூணையும் குத்திப்பார்ப்பது: இவ்வளவுதான் வேலை. மலிவான வேலை என்பதால்தான் முதலில் தள்ளிப்போடப்படுகிறது.

2005-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் மைதானத்தின் பெயர் ஏறியது. பெயர் ஏறினால் கூரை ஒழுகாதா என்ன? உங்கள் ஊர் 1791-இலேயே புதிய கூட்டமண்டபத்திலிருந்து 80 கெஜத்துக்குள் பந்தாடக் கூடாதென்று விதி எழுதிற்று. ஜன்னல் கண்ணாடியைக் காக்க! தடைசெய்த ஆட்டங்களில் பேஸ்பாலும் ஒன்று. அமெரிக்காவில் அந்தப் பெயர் ஏட்டில் ஏறிய மிகப் பழைய சான்றுகளில் அதுவும் அடக்கம் என்று பெருமை பேசுகிறோம். கண்ணாடிக்குக் கிடைத்த அக்கறை தூணுக்குக் கிடைக்க 230 ஆண்டு போதாதா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். கட்டுமானத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கட்டிய மறு ஆண்டிலிருந்து குத்தூசிக்கும் தூம்புக்கும் பெயின்ட்டுக்கும் தனிக்கணக்கு, வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி, ஆய்வறிக்கை ஆண்டுதோறும் பொதுவில் வரும்படி. தயவுசெய்து அந்த ஒரு சட்டத்தை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய மைதானங்களின் ரசிகர்கள்