கல்லைவிடக் கடினமான சாந்து வேண்டாம்: இங்கிலாந்துக் கிராம மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

வில்ட்ஷயர், கிளாஸ்டர்ஷயர் சுண்ணாம்புக்கல் கிராமங்களின் பாரிஷ் மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஏப்ரலில் புதிய நிதியாண்டு பிறந்ததும் பராமரிப்பு வேலைகளுக்கு விலைப்புள்ளி கேட்பீர்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவர், தெருமுனைத் தண்ணீர் பம்பு, போர் நினைவுத் தூண், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, மைல்கல் என்று பட்டியல் நீளும். அந்தத் தாளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள்: பழுதுபார்க்கப் பூசும் பொருள், பழைய பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வதானால் சாந்து தேயட்டும். சாந்தை மறுபடி பூசிக்கொள்ளலாம், கல்லை அப்படிச் செய்ய முடியாது.

பைபரி ஊரின் ஆர்லிங்டன் வரிசை வீடுகள் 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்தவை. காசில் கூம்ப் ஊரின் சந்தைச் சிலுவையும் அதே நூற்றாண்டுதான். இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டதோ 1824இல். அதற்கு முன்பு உங்கள் ஊரில் எழுந்த எந்தச் சுவரும் அந்தச் சிமென்டை நம்பி நின்றதல்ல.

உங்கள் பகுதிக் கல் நீரை உறிஞ்சும் கல். மழை நீரும் தரை ஈரமும் சுவருக்குள் ஏறுவதைத் தடுக்க முடியாது. ஏறிய ஈரம் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுண்ணாம்புச் சாந்து பூசிய கல்லிடுக்கு வழியாக அது ஆவியாகிவிடும். இடுக்கில் சிமென்ட் வைத்து அடைத்தால், ஈரம் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். போகும்போது உப்பை மேற்பரப்புக்கு அடியில் விட்டுச் செல்கிறது. உப்பு படிகமாகிக் கல்லைப் பிளக்கும், குளிர்காலத்தில் உறைபனி மிச்ச வேலையைப் பார்க்கும். கல் ஏடு ஏடாக உதிர்ந்து உள்வாங்க, சிமென்ட் கோடுகள் மட்டும் விலா எலும்பு போலத் துருத்தி நிற்கும். அதைப் பார்த்துக் ‘கல் மட்டமானது’ என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் சிமென்ட் அப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. தண்டனை கல்லுக்கு, குற்றம் சாந்துக்கு.

கலவையைப் பொறுத்தவரை, மென்கல் சுவருக்கு என்ஹெச்எல் 2, மழையும் காற்றும் நேராக அடிக்கும் சுவருக்கு என்ஹெச்எல் 3.5 என்ற இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு (நீர் பட்டு இறுகும் வகை; எண் கூடினால் வலிமை கூடும்) போதும். என்ஹெச்எல் 5 இந்தக் கல்லுக்கு அதிகம். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு, கன அளவில். மணல் கூர்மையானதாக, தூளிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை எல்லா அளவும் கலந்ததாக இருக்க வேண்டும். நைஸ் மணல் மட்டும் போட்டால் சாந்து சுருங்கி வெடிக்கும். ‘பிடிப்புக்காகத் துளி சிமென்ட்’ என்று கொத்தனார் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தத் துளி சிமென்டின் பலத்தையும் தராது, சுண்ணாம்பையும் ஒழுங்காக இறுகவிடாது.

பழைய சாந்தை எடுப்பதில்தான் அதிகச் சேதம் நேர்கிறது. கிரைண்டர் இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஒரு நொடி கை வழுக்கினால் கல்லின் ஓரம் போய்விடும். உளியும் சுத்தியலும் கொண்டு, இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., சுரண்ட வேண்டும். சிமென்ட் கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். அது தானாகத் தளரும்வரை விட்டுவைப்பதே நல்லது.

பிறகு தூசு தட்டி, மேலிருந்து கீழாக நனைக்க வேண்டும். கல் ஈரமாக இருக்கலாம், நீர் சொட்டக் கூடாது. ஆழமான பொந்துகளில் முதலில் சிறு கற்களையும் சாந்தையும் அடுக்கடுக்காகத் திணித்துவிட்டு, ஒல்லியான கரண்டியால் அழுத்திப் பூசுவது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத பதம் வந்ததும் கெட்டித் தூரிகையால் குத்திவிட்டால் மணல் பரல்கள் வெளியே தெரியும், துளைகள் திறக்கும். கரண்டியால் மழமழவென்று தேய்த்தால் மேலே சுண்ணாம்பு ஆடை படிந்து அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். ஈரச் சாக்கு ஒரு வாரமாவது தொங்கட்டும். வெயிலிலும் காற்றிலும் அவசரமாகக் காய்ந்த சாந்து விரலில் மாவாக வரும். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் வேலை கூடாது. செப்டம்பருக்குள் முடியாததை அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிவையுங்கள்.

தொலைபேசிக் கூண்டுக்கும் இதே கணக்குதான். கே6 என்னும் அந்த வடிவத்தை ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வரைந்தார். ஏறத்தாழ 700 கிலோ, பெரும்பகுதி வார்ப்பிரும்பு. ஒரு பவுண்டுக்கு பிடி தொலைபேசி நிறுவனத்திடமிருந்து தத்தெடுத்த மன்றங்கள் பல, அடிப்பாகத்தைச் சுற்றி ‘பலமாக இருக்கட்டும்’ என்று சிமென்டால் அணைகட்டுகின்றன. நீர் அங்கே தேங்கித் துரு அடியிலிருந்து ஏறும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்; உலர்வாக உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் போகும். நிறத்துக்கு பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் நிறத் தரப்பட்டியலில் 539ஆம் எண் சிவப்பைக் கேளுங்கள். கடையில் கைக்குக் கிடைத்த சிவப்பு ஒவ்வாது.

மைல்கல்லைச் சுற்றியும் கான்கிரீட் வேண்டாம். வண்டி இடித்தால் மண்ணில் நட்ட கல் சாயும். கான்கிரீட்டில் நட்ட கல் கழுத்தில் ஒடியும். சரளையும் மண்ணும் இடித்து நடுங்கள், வேலி வெட்டும் இயந்திரத்துக்குத் தெரியும்படி அருகில் ஒரு குச்சி ஊன்றுங்கள். வரைபடத்தில் இருந்து தரையில் காணாத கல்லை அருகிலுள்ள பள்ளத்திலும் தேடிப் பாருங்கள். 1940இல் ஜெர்மானியர் வந்தால் வழி தெரியக் கூடாது என்று புதைக்கப்பட்டவை உண்டு.

போர் நினைவுத் தூணில் உயரழுத்த நீர் பாய்ச்சாதீர்கள். பாசியோடு எழுத்தும் போகும்.

குழாய் பதிக்க வருபவர்கள் கற்பதித்த தெருவைத் தோண்டுவதற்கு முன்பே புகைப்படம் எடுத்து வையுங்கள். தற்காலிகமாகத் தார் போட்டு மூடினால் 6 மாதத்துக்குள் நிரந்தரமாகச் சரிசெய்தாக வேண்டும்; அதற்குப் பிறகு 2 ஆண்டு உத்தரவாதமும் உண்டு. படம் இல்லாத புகார் எடுபடாது. வண்டி நிறுத்தத் தடையைக் காட்டும் மஞ்சள் கோடு தவிர்க்க முடியாத இடத்தில் 50 மி.மீ. அகலத்தில் வெளிர்மஞ்சள் கோடு கேளுங்கள். விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

அனுமதி வழங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பம்பும் கூண்டும்கூடத் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கலாம்; தேடிப் பாருங்கள். பட்டியலில் உள்ள ஒன்றின் தன்மையை மாற்றும் வேலையை ஒப்புதல் இல்லாமல் செய்வது 1990ஆம் ஆண்டுப் பட்டியல் கட்டடச் சட்டப்படி குற்றம், 2 ஆண்டுச் சிறை வரை போகலாம். திட்ட அனுமதி அலுவலகத்தின் பாரம்பரியக் கட்டட அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சுவரின் பின்புறம் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசிக்காட்டச் சொல்லுங்கள். முழுவதும் காய்ந்த பிறகே நிறத்தைப் பாருங்கள், ஈரச் சுண்ணாம்பின் நிறம் ஏமாற்றும். ஒப்புக்கொண்ட மாதிரியை வேலை முடியும்வரை அழிக்க விடாதீர்கள். மீதி வேலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடங்களில் சுண்ணாம்பு, கல் வேலை பார்க்கும் சிலர்