உன் பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன்

உ
சிவமயம்

காரைக்குடி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் நலம். நீ அனுப்பிய 64 பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை கதைக்காகப் படித்தேன். இரண்டாம் முறை, முப்பது ஆண்டுக்கு மேல் அச்சகம் நடத்தியவனின் பழக்கத்தில், சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, இருபது முகப் பகடையை உருட்டி உருட்டிக் கதையை நடத்திப் போகும் ஆட்டம் என்று நீ பலமுறை சொல்லியும் எனக்கு விளங்காதது, முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பூட்டிக் கிடக்கும் வீட்டை ஒவ்வொரு கட்டாகத் திறந்துகொண்டு போகும் உன் கதையைப் படித்தபோதுதான் விளங்கியது. "இதை விலைக்குப் போட்டால் யாராவது உரிமை கேட்பார்களா அப்பச்சி?" என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாய். சில பக்கங்களுக்குக் கேட்பார்கள். எந்தப் பக்கங்கள், ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு என்று நினைவு. தேன்குழலும் சீப்புச்சீடையும் போட்டு விற்கும் ஒருவர் லேபிள் அடிக்க வந்தார். பழைய காலண்டரிலிருந்து வெட்டிய லட்சுமி படம் ஒன்றை நீட்டி, இதையே போட்டுவிடுங்கள் என்றார். சாமி படத்துக்கு யார் சொந்தம் கொண்டாடப்போகிறார்கள் என்று நானும் 5000 லேபிளை ஓட்டிவிட்டேன். லட்சுமிக்குச் சொந்தக்காரர் இல்லைதான்; ஆனால் அந்தக் கையையும் அந்தத் தாமரையையும் பின்னால் படர்ந்த அந்த மஞ்சள் ஒளியையும் வரைந்தவர் ஒருவர் இருந்தார், அவரிடம் உரிமை வாங்கிய கம்பெனி ஒன்றும் இருந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. லேபிள் முழுவதையும் பின்கட்டில் போட்டு எரித்து, கையிலிருந்து நஷ்டமும் கொடுத்தேன். அந்தப் பருவம் உன் பள்ளிக் கட்டணம் ஏன் தாமதமாயிற்று என்று நீ கேட்டதற்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. பொதுவானது எது, ஒருவர் கை வைத்து ஆக்கியது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

உன் ஆட்டத்துக்கு வருகிறேன். இருபது முகப் பகடையை உருட்டி, ஒரு எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி என்பது ஒரு முறை. முறைக்குக் காப்புரிமை, அதாவது காப்பிரைட், கிடையாது. இதைத் தெளிவாக்கிய பழைய வழக்கு ஒன்று, சொன்னால் உனக்கு வேடிக்கையாக இருக்கும், கணக்கெழுதுவதைப் பற்றியது. செல்டன் என்பவர் புதிதாக ஒரு கணக்குமுறையை விளக்கி, கோடு போட்ட படிவங்களோடு புத்தகம் போட்டார். பேக்கர் என்பவர் அதே முறைக்கு வேறு விதமாகப் படிவம் அச்சிட்டு விற்றார். 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகத்தின் விளக்கத்துக்குத்தான் உரிமை, அந்த முறையைப் பயன்படுத்த எவருக்கும் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பர்மாவில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பழகிய உன் ஐயா இதைக் கேட்டிருந்தால், இதற்குக் கோர்ட்டு வேறு வேண்டுமா என்று கேட்டிருப்பார். பேரேடும் ஐந்தொகையும் எல்லார் கடைக்கும் பொது. அவர் கைப்பட எழுதிய பேரேடு அவருடையது. நம் நாட்டிலும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கதைக்கருவுக்கும் உரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை என்று சொல்லிவிட்டது.

இவ்வளவு சொன்னதால் 9ஆம் பக்கம் முதல் 14ஆம் பக்கம் வரை சரி என்று எண்ணிவிடாதே. அந்த ஆறு பக்கங்களில் நீ விதிகளைச் சொல்லவில்லை. உன் கதைக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் விதிநூல் பத்திகளை வரிக்கு வரி தமிழாக்கியிருக்கிறாய். உன் தமிழ் நன்றாகவே இருக்கிறது, அதுதான் சங்கடம். மொழிபெயர்க்கும் உரிமையும் மூல நூலின் உரிமையாளருக்கே உரியது என்று 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆங்கிலத்தைத் தமிழாக்கிவிட்டதால் அது உன்னுடையதாகிவிடாது. நூலை மூடி வைத்துவிட்டு, உன் தம்பிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உன் வாக்கியங்களில் எழுது. அல்லது அந்த ஆட்டத்தின் கம்பெனியே திறந்துவிட்டிருக்கும் வாசல் வழியாகப் போ.

அந்த வாசலின் கதையை நீ என்னைவிட நன்றாக அறிவாய். ஆனாலும் ஓர் அச்சகத்துக்காரன் அதை எப்படிப் படிக்கிறான் என்று சொல்கிறேன். 1974இல் வெளிவந்த அந்த ஆட்டம் 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. 2000இல் அவர்கள் ஓபன் கேம் லைசென்ஸ் என்ற அனுமதியைக் கொடுத்து, மற்றவர்களும் அதையொட்டிப் புத்தகம் போடலாம் என்றார்கள். அதை நம்பி எத்தனையோ சிறிய பதிப்பாளர்கள் தொழில் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் அந்த அனுமதியை மாற்றும் வரைவு வெளியே கசிந்து பெரிய எதிர்ப்புக் கிளம்பவே, அதே மாதம் 27ஆம் தேதி எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதி ஆவணம் முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 உரிமத்தில் வெளியிட்டார்கள். இந்த உரிமம் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாதது. எடுக்கலாம், மாற்றலாம், தமிழாக்கலாம், விற்கலாம். பெயர் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். பெயர் சொல்லும் வாசகம் அந்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பதிப்பு விவரம் போடும் உன் இம்பிரிண்ட் பக்கத்தில் போடு. அதற்கு மேல் அவர்களுக்கு நன்றி, வணக்கம் என்று எதுவும் சேர்க்காதே. சேர்க்க வேண்டாமென்று அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்' என்ற அளவில் குறிப்பிட அனுமதி உண்டு. அப்படியிருக்க, உன் அட்டையில் கதையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவர்கள் ஆட்டத்தின் பெயரையும் அந்த லோகோவையும் வைத்திருக்கிறாய். வணிகச் சின்னம் தனிச் சட்டம், தனி வம்பு. அட்டையைப் புதிதாகப் போடு.

அவர்களுடைய உலகத்தையும் ஊர்ப் பெயர்களையுமே வைத்து எழுத ஆசையென்றால் டி.எம்.ஸ் கில்ட் என்ற அவர்களுடைய இணைய விற்பனை ஏற்பாட்டில் போடலாம். விற்பனையில் பாதி உனக்கு வரும். அங்கே போட்டதை வேறெங்கும் போட முடியாது என்பதால் நான் வேண்டாம் என்பேன். செட்டிநாட்டு வீட்டுக் கதைக்கு அவர்கள் ஊர் எதற்கு?

விலையில்லாமல் கொடுத்துவிட்டால் தொல்லையில்லை என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். இலவசமாகக் கொடுத்தாலும் நகல் நகல்தான். நஷ்டக் கணக்கு வேண்டுமானால் குறையலாம்.

இனி அசுரர்கள். 31ஆம் பக்கத்தில் வரும் 'மூளையுறிஞ்சி'யைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்து உன் தம்பியிடம் கேட்டேன். நான்கு உணர்கொம்புகள், ஊதா நிறம், மனத்தால் பேசுவது எல்லாம் அப்படியே அவர்களுடைய மைண்ட் ஃப்ளேயர் என்றான். அதுவும் பிஹோல்டர் என்னும் கண்ணுருண்டைப் பூதமும் அந்தத் திறந்த ஆவணத்தின் அசுரப் பட்டியலில் கிடையாது. தம் தனிச்சொத்து என்று அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டவை. பெயரை மாற்றி உருவத்தை அப்படியே விட்டால் ஆளை மறைத்ததாகாது. அந்த ஆட்டத்தை முதலில் வெளியிட்டவர்களே ஒரு காலத்தில் இதில் இடித்துக்கொண்டவர்கள்தான். 1974ஆம் ஆண்டு வந்த முதல் ஆட்டப் பெட்டியில், எழுத்தாளர் டோல்கினின் கதைகளில் வரும் ஹாபிட்டும் என்ட்டும் பால்ராக்கும் பெயரோடு இருந்தன. உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தபின் ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலார் என்று மாற்றினார்கள். டிராகனும் குள்ளனும் அப்படியே இருந்தன, ஏனென்றால் அவை ஊர்ச்சொத்து. உனக்கு ஊர்ச்சொத்துக்கா பஞ்சம்? பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும் போகும்போதெல்லாம் தூணில் நிற்கும் யாளியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பாயே, அந்த யாளிக்கு யார் உரிமை கோருவார்கள்? கொள்ளிவாய்ப் பேய் இருக்கிறது, முனி இருக்கிறது. கிணற்றடிக் காட்சியில் நீயே படைத்த, எண்ணெய் வாசனை வந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் அந்தக் கிழவி அருமை. அவளை இரண்டாங்கட்டுக்குக் கொண்டு வந்து, மூளையுறிஞ்சியை அனுப்பிவிடு.

அத்தியாயத் தலைப்புகளின் கீழே நீ போட்டிருக்கும் கவிதை வரிகளில் பாரதியார் வரிகள் அப்படியே இருக்கட்டும், தடையில்லை. அந்த உரிமைக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன் பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டபோது அவரும் தம்மிடம் இருந்ததை விட்டுக்கொடுத்தார். பின்னர் அது மக்கள் எல்லாருக்கும் பொதுவாயிற்று. ஆனால் 22ஆம் பக்கத்தின் வரிகள் கண்ணதாசனுடையவை. சிறுகூடல்பட்டிக்காரர், நம்மவர் என்பதால் சலுகை கிடையாது. நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். அவர் 1981இல் மறைந்தார், ஆகவே 2041 முடியும் வரை காத்திரு, அல்லது அனுமதி வாங்கு. நான்கு வரிதானே என்று வாதாடலாம். நான்கு வரிக்காக வாதாடுவானேன்?

படங்களுக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை இதில்தான். உன் நண்பர் வரைந்த ஆறு படங்களுக்கு ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டதாகவும் கணக்கு முடிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். பணக் கணக்கு முடிந்தது. உரிமைக் கணக்கு தொடங்கவே இல்லை. பணம் கொடுத்து வரையச் சொன்ன சில வகைப் படங்களுக்குச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவில் இருக்கிறது. அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. அந்த எழுத்திலும் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். உன் பி.டி.எஃப். கனடாவில் ஒருவர் வாங்கினால் என்ன செய்வாய்? என்ன படம், எத்தனை காலம், எந்தெந்த நாடு, அச்சுக்கா, பி.டி.எஃபுக்கா, எவ்வளவு தொகை என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பில் இதெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பாய். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் திருப்பூட்டே நடக்காத குடும்பத்தில் பிறந்துவிட்டு எழுத்துக்குக் கூச்சப்படாதே.

எழுத்துருவையும் பார். நீ தலைப்புக்கு வைத்திருப்பது எவரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்துரு. அதன் உரிமம் எங்கே என்று கேட்டால் உன்னிடம் பதில் இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வருகின்றன, புத்தகத்துக்கும் விற்பனைக்கும் தடையில்லை. கொஞ்சம் மொட்டையாகத் தெரியும், பழகிவிடும்.

வீட்டின் முகப்பை வரைந்திருப்பதில் பிழையில்லை. கட்டடத்தை வரைவதும் படமெடுத்து வெளியிடுவதும் மீறலாகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் புதையல் இருக்கும் வீட்டுக்கு, கொலை நடந்த வீட்டுக்கு, நம் தெருவிலுள்ள ஒரு வீட்டின் விலாசத்தை எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறாய். காப்புரிமைச் சட்டம் அதைக் கேட்காது. அடுத்த நகரத்தார் கூட்டத்தில் அந்த வீட்டு அண்ணன் என்னைக் கேட்பார். மாற்றிவிடு.

கடைசியாக, அறைகளின் வரைபடத்துக்குக் கட்டமாக நீ பயன்படுத்தியிருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் படம். பூக்கோலமும் எட்டு முனை நட்சத்திரமும் பழைய பொது வடிவங்கள், ஆனால் நீ எடுத்தது ஒரு கடையின் கேட்டலாக்கிலிருந்து. மூலையில் அவர்கள் பெயரை அழித்த தடம் உருப்பெருக்கியில் எனக்குத் தெரிகிறது. அந்தப் போட்டோவை எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். நம் இரண்டாங்கட்டில் உன் ஐயா காலத்தில் பதித்த கல் இருக்கிறதே, மூன்றாம் வரிசையில் நீ அம்மிக் குழவியைப் போட்டுப் பிளந்தது உட்பட. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பச்சையும் சிவப்பும் புதுசாக எழும்பும். மாலை நான்கு மணிக்கு மேல் முற்றத்து வெயில் சாய்வாக அந்த வரிசையில் விழும். ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்றால் சனிக்கிழமையே கழுவித் துடைத்து வைக்கச் சொல்கிறேன். கேமராவைக் கொண்டு வா, பிளந்த கல்லையும் சேர்த்து எடு.

பிரதியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கோடு இல்லாத பக்கங்கள் 43.

அன்புடன்,
அப்பச்சி